புதிய மருத்துவ ஆய்வுச் செய்தி கைக்கு வந்தால் அதை எப்படிப் படிப்பது?

புரட்டாசி விரதம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை வழக்கம்போல் வருகிறவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளாகத் தெரிந்த ஓர் அக்காவின் விரல் நுனியில் ஊசி வைத்து எடுத்த சொட்டு இரத்தத்துக்குக் கருவி சர்க்கரையை மிக அதிகமாக, 17.4 என்று காட்டியது. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதவர் அவர். என்ன ஆயிற்று என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கைப்பேசியை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினார். மஞ்சளையும் மிளகையும் வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை நோய் அடியோடு நீங்கிவிடும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம். மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டு அதைத்தான் குடித்திருக்கிறார்.

"தம்பி, மெட்ராஸுக்கு யாத்திரை போனப்போ பழக்கமானவங்க அனுப்பினது. படிச்சவங்க. பொய்யா அனுப்புவாங்க?" என்று கேட்டார்.

அவர்கள் பொய் அனுப்பவில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அந்தச் செய்தியின் அடியில் உண்மையாகவே நடந்த ஆய்வு ஒன்று இருந்தது; ஆனால் அந்த ஆய்வு சொன்னது வேறு, செய்தி சொன்னது வேறு. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இந்த இடைவெளியை மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவரும் தாமாகவே கண்டுகொள்ள முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு என்ன பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை எண்களைப் பற்றியது. இந்தியாவிலிருந்து வரும் செய்திகளில் சர்க்கரை அளவு 126, 140, 200 என்று இருக்கும். தென்னாப்பிரிக்காவில் நம் கருவிகளும் கிளினிக் அட்டைகளும் 7, 7.8, 11.1 என்று காட்டும். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. அங்கே ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள், இங்கே ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று கணக்கிடுகிறார்கள். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். அக்காவின் 17.4 என்பது அங்கே 313. கொலஸ்டிராலுக்கு மட்டும் 18 அல்ல, ஏறக்குறைய 39-ஆல் பெருக்க வேண்டும், நம் 5.2 அவர்களுடைய 200. இந்தக் கணக்குத் தெரியாததால், "சர்க்கரை 140-க்குக் கீழே இருந்தால் போதும்" என்ற செய்தியைப் படித்துவிட்டுத் தம் 17-ஐ மிகக் குறைந்த அளவு என்று எண்ணிக்கொண்ட ஒரு பெரியவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தச் செய்தியிலும் எண்ணைப் படிக்கும் முன் அதன் அலகைப் படியுங்கள்.

அடுத்து, ஆய்வு எதன்மீது நடந்தது என்று பாருங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலா, எலியிலா, மனிதர்களிலா? மனிதர்கள் என்றால் எத்தனை பேர், எந்த வயதினர், நோய் உள்ளவர்களா, நலமாக இருப்பவர்களா? மஞ்சள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 விழுக்காடுதான் இருக்கிறது. தட்டில் வளரும் செல்களின்மீது அதை நேராக ஊற்றினால் பல விளைவுகள் தெரிகின்றன. வாய்வழியாக உண்டால் அதில் பெரும்பகுதி இரத்தத்துக்குள் போய்ச் சேருவதே இல்லை. மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் குர்குமினின் அளவு 2000 விழுக்காடு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அக்காவுக்கு வந்த செய்தியின் வேர் இதுதான். ஆனால் அந்த ஆய்வு அளந்தது இரத்தத்தில் குர்குமின் எவ்வளவு சேர்ந்தது என்பதை; சர்க்கரை நோய் குணமாகிறதா என்று அது கேட்கவே இல்லை. 2017-இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி என்ற இதழ், குர்குமினைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருந்தும், முறையாக ஒப்பிட்டுச் செய்தவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று அதன் ஆசிரியர்கள் எழுதினார்கள். மேலும், பைப்பரின் வேறு சில மருந்துகளை உடல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தையும் குறைக்கக்கூடியது. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர் மிளகுச் சாறு கலந்த மஞ்சள் வில்லைகளை வாங்கும் முன் மருந்தாளரிடம் சொல்வது நல்லது. இரசத்தில் போடும் மிளகைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

யார்மீது நடந்த ஆய்வு என்ற கேள்விக்கு நம்மைப் போன்றவர்களிடம் இன்னொரு பொருளும் உண்டு. உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீட்டெண் 25-ஐத் தாண்டினால் எடை அதிகம் என்பது பெரும்பாலும் ஐரோப்பியரை அளந்து வந்த வரம்பு. ஆசிய வம்சாவளியினருக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதால், 23-இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004-இல் பரிந்துரைத்தது. ஐந்து தலைமுறையாக நேட்டாலில் வாழ்ந்தாலும் இந்த விஷயத்தில் நம் உடல் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

இனி, ஒரே ஓர் ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. இதற்கு நம் டர்பனிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2010 ஜூலையில், வியன்னாவில் நடந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டில், டர்பனைச் சேர்ந்த காப்ரிசா ஆய்வு மையத்தின் அறிவிப்பு ஒன்று அரங்கத்தையே எழுந்து நிற்கச் செய்தது. குராயிஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் நடத்திய சோதனை அது. எச்.ஐ.வி. தொற்றுக்கு எதிரான டெனோஃபோவிர் என்ற மருந்தை ஒரு களிம்பில் கலந்து, க்வாசூலு-நேட்டாலின் நகரத்திலும் கிராமத்திலும் வாழும் 889 பெண்களில் பாதிப் பேருக்கு அதைக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மருந்து இல்லாத, பார்வைக்கு வேறுபாடு தெரியாத களிம்பைக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது; வாங்கிய பெண்களுக்கும் தெரியாது, கொடுத்த செவிலியருக்கும் தெரியாது. நல்ல ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். ஒரு பிரிவினருக்கு மட்டும் கொடுத்துவிட்டு அவர்கள் நலம் பெற்றார்கள் என்று சொல்வதில் ஒப்பீடே இல்லை. விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுத்தால், விரும்பி வந்தவர்கள் இயல்பாகவே தம் உடலில் அக்கறை உள்ளவர்களாக இருக்கக்கூடும். குலுக்கல் இந்த இரண்டு குறையையும் நீக்கிவிடுகிறது.

மருந்துக் களிம்பு வாங்கியவர்களில் 38 பேருக்குத் தொற்று வந்தது, வெறும் களிம்பு வாங்கியவர்களில் 60 பேருக்கு வந்தது. பங்கேற்ற காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 100 பெண்களில் 5.6 பேருக்கு எதிராக 9.1 பேர், அதாவது 39 விழுக்காடு குறைவு. செய்தித்தாள்கள் 39 என்ற எண்ணைத் தலைப்பில் போட்டன. கட்டுரையிலோ அதன் பக்கத்திலேயே 6 முதல் 60 வரை என்று இன்னோர் எண் இருந்தது. இதற்கு நம்பக இடைவெளி என்று பெயர். நாம் கண்டது 39 என்றாலும், தற்செயல் தரும் தடுமாற்றத்தைக் கணக்கில் எடுத்தால் உண்மையான பயன் 6 விழுக்காடு அளவுக்குச் சிறிதாகவும் இருக்கலாம், 60 அளவுக்குப் பெரிதாகவும் இருக்கலாம் என்பது அதன் பொருள். இடைவெளி இவ்வளவு அகலமாக இருந்தால், முடிவு நல்ல செய்தி என்று மகிழலாம், தீர்ந்த முடிவு என்று கொள்ளக் கூடாது. அந்த ஆய்வாளர்களும் அப்படிக் கொள்ளவில்லை. மறு சோதனை வேண்டும் என்றே அனைவரும் கேட்டார்கள்.

மறு சோதனை தென்னாப்பிரிக்காவிலேயே ஒன்பது இடங்களில், 2,059 பெண்களிடம் நடந்தது. 2015 பிப்ரவரியில் முடிவு வந்தது: இரு பிரிவிலும் ஆண்டுக்கு 100 பெண்களில் 4 பேருக்குத் தொற்று. வேறுபாடே இல்லை. மருந்து வலுவற்றது என்பது இதன் பொருள் அல்ல. பெரும்பாலும் இளம் பெண்கள், பலர் பெற்றோர் வீட்டில் வாழ்கிறவர்கள். ஒவ்வொரு முறையும் உடலுறவுக்கு முன்னும் பின்னும் களிம்பைப் பயன்படுத்த அவர்களால் முடியவில்லை. முதல் ஆய்விலும் தவறாமல் பயன்படுத்தியவர்களிடம் பயன் கூடுதலாகவே தெரிந்திருந்தது. ஆனால் வாழ்க்கையில் பயன்படுத்த முடியாத மருந்து, தட்டில் எவ்வளவு வலுவாக இருந்தாலும், மருந்துக்கடைக்கு வர முடியாது. அந்தக் களிம்பு வரவில்லை. 2010-இல் செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியடைந்த ஒருவர் 2015-இன் செய்தியைப் படித்திருக்கவே மாட்டார் என்று எண்ணும்போது எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது செய்தி எந்தத் தலைப்பிலும் பெரிதாக வரவில்லை. ஆகவே எந்தக் கண்டுபிடிப்பையும் பார்த்தவுடன், இதை வேறு யாராவது, வேறு இடத்தில், மீண்டும் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அதே வழியில் தொடர்ந்ததால்தான் 2024-இன் முடிவு கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டே முறை ஊசியாகப் போடும் லெனகபாவிர் என்ற மருந்தைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,338 பெண்களிடம் சோதித்தார்கள். கேப் டவுனைச் சேர்ந்த லிண்டா-கெய்ல் பெக்கர் அதை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அன்றாட மாத்திரை வாங்கிய ஒரு பிரிவில் 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. எவரும் நினைவில் கொள்ள வேண்டிய நாள் அது. இருந்தாலும் சுழியம் என்ற எண்ணையும் எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் நேரவில்லை என்றால், 3-ஐ அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே உண்மை விகிதம் எட்டக்கூடிய மேல் எல்லை என்று புள்ளியியலாளர்கள் கொள்கிறார்கள். 3-ஐ 2,134-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 1.4 வருகிறது. இதே மருந்தை ஆண்கள் முதலானோரிடம் சோதித்த அடுத்த ஆய்வில் 2,179 பேரில் இருவருக்குத் தொற்று வந்தது. ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு, கணக்குச் சொன்ன எல்லைக்குள்தான். 20 பேரிடம் நடந்த ஆய்வில் "ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை" என்று படித்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 3-ஐ 20-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 15. விளம்பரங்களில் வரும் பெரும்பாலான சுழியங்கள் இந்த வகைதான்.

விழுக்காடுகளிடமும் இதே கவனம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றி அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய சோதனை 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பல பெண்கள் மருத்துவரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்தினார்கள். நூறு பேரில் 26 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று புரிந்துகொண்டவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். உண்மையில், மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்த நோய், சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல் என்பதை அலட்சியப்படுத்தக் கூடாது, அந்த எட்டுப் பேருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் ஒரு பெண் தன் நிலையை எடை போட்டு முடிவு செய்ய அவளுக்கு வேண்டியது 30 என்பதும் 38 என்பதும்தான், 26 விழுக்காடு அல்ல. செய்தியில் விழுக்காடு மட்டும் இருந்தால், எதில் இத்தனை விழுக்காடு என்று தேடுங்கள். அடிப்படை எண் கிடைக்கும்வரை பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

ஒரு பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு நோய் குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, அந்தப் பழக்கம்தான் நோயைத் தடுக்கிறது என்று முடிவு செய்யும் செய்திகள் தனி வகை. காய்கறி அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, அவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் காரணமாக இருக்கலாம் என்று எண்ணி, பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் அதை வில்லையாகக் கொடுத்துச் சோதித்தார்கள். 1994-இல் வந்த முடிவு, வில்லை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதல் என்பது. கேரட் குற்றவாளி அல்ல. காய்கறி உண்பவர்களின் முழு வாழ்க்கையை ஒரு வில்லைக்குள் அடைக்க முடியாது.

ஒரு கட்டுரை இதழில் வெளிவருவதற்கு முன்பே இணையத்தில் போடப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது; அதை முன்பதிப்பு என்கிறார்கள். துறை அறிந்த மற்றவர்கள் அதை இன்னும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து உயிர் காக்கிறது என்று எகிப்திலிருந்து வந்த முன்பதிப்பு ஒன்று பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. அந்த மருந்துக்காக இங்கே எழுந்த குரலையும், 2021 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் கட்டுப்பாட்டுடன் அனுமதி கொடுத்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த முன்பதிப்பு அதன் தரவுகளில் எழுந்த கடும் சந்தேகங்களால் 2021 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு பிரேசிலில் முறையாக நடந்த பெரிய சோதனையில் பயன் தெரியவில்லை. மருத்துவத்துக்கு வெளியிலும் இதே கதைதான். ஜோஹானஸ்பர்க் அருகே ரைசிங் ஸ்டார் குகையில் லீ பெர்கர் குழுவினர் கண்டெடுத்து 2015-இல் அறிவித்த ஹோமோ நலேடி என்ற பழங்கால மனித இனத்தின் எலும்புகள் நம் நாட்டின் பெருமை. ஆனால் அந்தச் சிறு மூளை மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள் என்று 2023-இல் வெளியான கட்டுரையோடு சேர்த்தே அதை மதிப்பிட்டவர்களின் கருத்துகளும் வெளியாயின. சான்று போதாது என்றே அவர்கள் எழுதியிருந்தார்கள். செய்தித்தாளில் வந்தது முதல் பாதி மட்டும். மதிப்பீட்டையும் சேர்த்துப் படிக்க முடிகிற இடங்களில் அதை முதலில் படியுங்கள்.

எங்கே தேடுவது என்பது எளிது. பப்மெட் என்ற இலவசத் தேடுதளத்தில் மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் இட்டால் கட்டுரைகளின் சுருக்கங்கள் வரும். பக்கவாட்டில் உள்ள வடிகட்டியில் ரேண்டமைஸ்டு கண்ட்ரோல்டு டிரையல் என்பதைத் தேர்ந்தால் குலுக்கல் முறைச் சோதனைகள் மட்டும் நிற்கும். சிஸ்டமேட்டிக் ரெவியூ என்பதைத் தேர்ந்தால், பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்ட கட்டுரைகள் வரும். நேரம் இல்லாதவர் இரண்டாவதை மட்டும் பார்த்தால் போதும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும். சுருக்கத்தில் முடிவுரையை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள்; முறைகள் என்ற பகுதியில்தான் எத்தனை பேர், எவ்வளவு காலம், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது இருக்கும். பணம் கொடுத்தவர் யார் என்பதையும் கட்டுரையின் இறுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பணம் கொடுத்தது என்பதாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. லெனகபாவிர் சோதனையே அதைத் தயாரித்த நிறுவனம் நடத்தியதுதான். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் ஒப்பீடு சரியாக இருந்ததா என்று இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் மண்டபத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நன்றாகவே செய்கிறார்கள். பாட்டி தமிழில் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடும்போது அவர்களுக்கும் தமிழ் வருகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் மாத்திரையை நிறுத்துவதோ, கூட்டுவதோ, குறைப்பதோ மருத்துவரோடு பேசித்தான் ஆக வேண்டும். சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கிளினிக்கில் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதால், கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போவது நல்லது. அன்று அந்த அக்காவுக்கு முதலில் தண்ணீர் கொடுத்து, வாந்தியோ மூச்சிரைப்போ இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அன்றே கிளினிக்குக்குப் போகும்படி அவர் மகனை அழைத்தோம். போகும் முன் ஒரு துண்டுத் தாளில் அவருடைய பேத்தி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள்: பாட்டி மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை, மஞ்சளும் மிளகும் தினமும் ஒவ்வொரு தேக்கரண்டி குடித்தார், இன்று காலை 10 மணிக்குச் சர்க்கரை 17.4, மாத்திரையை எந்த அளவில் மீண்டும் தொடங்க வேண்டும்? அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து, கிளினிக் அட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.